1700000000 என்றால் மணி என்ன? எபோக் நொடியைத் தேதியாக மாற்றுவது எப்படி

பினாங்கு லிட்டில் இந்தியாவில் விடிவதற்கு முன்பே அடுப்பு பற்றவைக்கும் ஒரு சாப்பாட்டுக் கடை என்று வைத்துக்கொள்வோம். கல்லாவில் இருக்கும் பில் மென்பொருள் ஒவ்வொரு விற்பனையையும் தரவுத்தளத்தில் எழுதி வைக்கிறது. பில் எண் புரிகிறது, ரிங்கிட் தொகை புரிகிறது. நேரம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் 1700000000 என்று ஒரு பத்து இலக்க எண். அது தொலைபேசி எண் இல்லை. 1970 ஜனவரி 1 அன்று, உலகப் பொது நேரமான யுடிசி நள்ளிரவு 00:00:00 மணியிலிருந்து, எத்தனை நொடி கடந்திருக்கிறது என்ற கணக்கு. அந்தத் தொடக்கப் புள்ளிக்குத்தான் எபோக் என்று பெயர். எண்ணை எபோக் நொடி என்பார்கள், யூனிக்ஸ் நேரம் என்றும் சொல்வார்கள்.

கணினியே வேண்டாம், கால்குலேட்டர் போதும். ஒரு நாளுக்கு 86,400 நொடி. 1700000000-ஐ அதனால் வகுத்தால் 19,675 முழு நாள், மீதி 80,000 நொடி. 1970 முதல் 2022 முடிய 53 ஆண்டு. 365-ஆல் பெருக்கினால் 19,345. இடையில் 1972-இல் தொடங்கி 2020 வரை 13 லீப் ஆண்டு வந்து போயின, ஆக 19,358. மீதம் 317 நாள். 2023 ஜனவரி 1-இலிருந்து 317 நாள் தள்ளினால் நவம்பர் 14. மீதியிருந்த 80,000 நொடி என்பது 22 மணி 13 நிமிடம் 20 நொடி. ஆகவே 2023 நவம்பர் 14, இரவு 10:13:20.

ஆனால் இது யுடிசி. பினாங்குக் கடைச் சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரம் எட்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கூட்டினால் நவம்பர் 15, புதன்கிழமை, காலை 6:13:20. தீபாவளி முடிந்து மூன்றாம் நாள், முதல் தே தாரேக் ஆற்றும் நேரம். தேதியே மாறிவிட்டதைக் கவனியுங்கள். அதனால்தான் கட்டுரை முழுக்க இந்த எண்ணையே வைத்துக்கொள்கிறோம்: மணி மட்டும் தவறினால் கண்ணில் படாமல் போகலாம், நாள் தவறினால் கணக்கு உதைக்கும்.

தரவுத்தளம் இதையேதான் செய்கிறது, ஒரே வரியில். வரி எழுதுவதில் சிரமம் எதுவும் இல்லை. எண்ணுக்கு ஊர் கிடையாது, அலகும் அதன் மேல் எழுதியிருக்காது. அந்த இரண்டையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் தரவுத்தளம் தானாக ஒன்றை எடுத்துக்கொள்ளும், குழப்பம் அங்கிருந்து ஆரம்பிக்கும்.

இரண்டு குறிப்பு, பிறகு உள்ளே போவோம். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறோம். திரையில் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டுங்கள், அடிக்கோடும் மேற்கோள் குறியும் இருக்கும் இடத்தில் அப்படியே இருக்கட்டும். அட்டவணையின் செங்குத்து வரிசையை அலுவலகத்தில் எல்லாரும் ‘காலம்’ என்றுதான் சொல்கிறோம். நேரத்தைப் பற்றிய கட்டுரையில் அந்தச் சொல்லைப் போட்டால் எந்தக் காலம் என்று கேட்க வேண்டி வரும். ஆகவே இங்கே நெடுவரிசை.

முதலில் இலக்கத்தை எண்ணுங்கள்

2001 செப்டம்பர் 9 அன்று எபோக் நொடி நூறு கோடியைத் தொட்டது. அன்று முதல் அது பத்து இலக்கம். 2286 வரை பத்து இலக்கமாகவே இருக்கும். உங்கள் நெடுவரிசையில் 13 இலக்கம் இருந்தால் அது மில்லி நொடி. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் அப்படித்தான் தரும். 16 இலக்கம் மைக்ரோ நொடி, 19 இலக்கம் நானோ நொடி. மில்லி என்றால் 1000-ஆல், மைக்ரோ என்றால் 10 லட்சத்தால் வகுத்த பிறகுதான் மாற்ற வேண்டும்.

அலகு தப்பினால் விடை எப்படி இருக்கும் என்று மனத்தில் பதிந்துவிட்டால் பாதி வேலை மிச்சம். நொடியை மில்லி நொடி என்று நினைத்து வகுத்தால் இன்றைய தேதிகள் எல்லாம் 1970 ஜனவரி 20-ஐச் சுற்றிக் கொத்தாக விழும். மில்லி நொடியை நொடி என்று நினைத்தால் ஆண்டு 55 ஆயிரத்தைத் தாண்டிப் போகும். சில தரவுத்தளங்கள் அந்த ஆண்டையும் முகம் சுளிக்காமல் அச்சடிக்கும். சில பிழை காட்டும், சில வெறும் ‘நல்’ தரும், அதாவது மதிப்பே இல்லை என்று.

ஒரே நெடுவரிசையில் இரண்டும் கலந்திருப்பதும் உண்டு. பழைய கல்லா இயந்திரம் நொடியில் எழுதியிருக்கும், பிறகு வாங்கிய கைப்பேசிச் செயலி மில்லி நொடியில் எழுதும். பிரிப்பது எளிது. பத்தாயிரம் கோடி, அதாவது 1-க்குப் பின் 11 சுழியம், அதுதான் எல்லை. அதற்குக் கீழே இருந்தால் நொடி, மேலே இருந்தால் மில்லி நொடி. அந்த எண்ணை நொடியாகப் பார்த்தால் 51-ஆம் நூற்றாண்டையும் தாண்டிப் போகும், மில்லி நொடியாகப் பார்த்தால் 1973 மார்ச். உங்கள் பில் எதுவும் 1973-க்கு முந்தியது இல்லை என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை. நிபந்தனைப்படி வேறு வேறு விடை தரும் கேஸ் வென் கட்டளையில் இந்த எல்லையை வைத்துப் பிரித்துவிடலாம்.

எக்செல் வழியாக வந்த எண் என்றால் இன்னும் ஒரு முறை உற்றுப் பாருங்கள். 13 இலக்க எண்ணை எக்செல் சாதாரண வடிவில் 1.69998ஈ+12 என்று சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் கண்ணுக்குத் தெரிவதுதான் கோப்புக்குள் போகும், கடைசி ஏழு இலக்கமும் சுழியமாகிவிடும். மாற்றிய பிறகு பில்கள் எல்லாம் பத்தாயிரம் நொடி, அதாவது ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேர இடைவெளியில் ஒரே நொடியில் குவிந்து நின்றால் காரணம் இதுதான். போன இலக்கம் திரும்ப வராது, மூலத்திலிருந்து மறுபடி எடுக்க வேண்டியதுதான். எடுக்கும்போது அந்த நெடுவரிசையை எண் வடிவத்துக்கு மாற்றி, தசமம் பூஜ்யம் என்று வைத்துவிட்டுச் சேமியுங்கள்.

போஸ்ட்கிரெஸ்

போஸ்ட்கிரெஸ், அடுத்து வரும் மைஎஸ்கியூஎல் எல்லாம் தரவுத்தள மென்பொருள்களின் பெயர். இங்கே சற்று நிதானமாகப் போவோம். இதில் புரிந்துகொண்டால் மற்றவற்றில் தடுக்காது.

செலக்ட் டு_டைம்ஸ்டாம்ப்(1700000000);

விடை, உங்கள் இணைப்பின் நேர மண்டலம் கோலாலம்பூர் என்று இருந்தால், 2023-11-15 06:13:20+08. யுடிசி என்று இருந்தால் 2023-11-14 22:13:20+00. இரண்டும் ஒரே கணம், ஒரே மதிப்பு. காட்டும் முகம்தான் வேறு. இந்தச் செயற்கூறு தருவது டைம்ஸ்டாம்ப்டிஇசட் என்ற வகை. பெயரைப் பார்த்து நேர மண்டலமும் உள்ளே சேமிக்கப்படுகிறது என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. எட்டு பைட்டில் யுடிசி கணம் மட்டும் இருக்கிறது, மைக்ரோ நொடித் துல்லியத்தில். மண்டலம் என்பது உள்ளே எழுதும்போதும் வெளியே காட்டும்போதும் மட்டும் போட்டுக்கொள்ளும் கண்ணாடி.

அதன் உடன்பிறப்பு, வெறும் டைம்ஸ்டாம்ப், வேறு சரக்கு. அது சுவர்க் கடிகாரத்தைப் புகைப்படம் எடுத்த மாதிரி: 06:13:20 என்று தெரியும், எந்த ஊர்ச் சுவர் என்று தெரியாது.

கோலாலம்பூர் நேரத்தில் கட்டாயமாக வேண்டும் என்றால்:

செலக்ட் டு_டைம்ஸ்டாம்ப்(1700000000) அட் டைம் ஸோன் 'ஏசியா/கோலா_லம்பூர்';

விடை 2023-11-15 06:13:20, பின்னால் +08 இல்லாமல். ‘அட் டைம் ஸோன்’ இருபக்கக் கத்தி. டைம்ஸ்டாம்ப்டிஇசட் மேல் போட்டால் அந்த ஊர்ச் சுவர்க் கடிகார நேரத்தை எடுத்துத் தரும்; வெறும் டைம்ஸ்டாம்ப் மேல் போட்டால் ‘இது அந்த ஊர்க் கடிகாரம்’ என்று எடுத்துக்கொண்டு கணத்தைத் தரும். ஒன்று கழற்றுகிறது, மற்றது மாட்டுகிறது. ஒரே வாக்கியத்தில் தெரியாமல் இரண்டு முறை போட்டால் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவீர்கள்.

மண்டலப் பெயரில் கோலாவுக்கும் லம்பூருக்கும் நடுவே அடிக்கோடு வேண்டும், இடைவெளி கூடாது. பினாங்குக்கென்று தனிப் பெயர் இல்லை. தீபகற்பம் முழுமைக்கும் இதுதான். சபா சரவாக்குக்குக் கூச்சிங் பெயரில் தனியாக ஒன்று உண்டு, ஏன் என்பது பிறகு தெரியும்.

பெயருக்குப் பதிலாக 'யுடிசி+8' என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். போஸ்ட்கிரெஸ் அதை யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான போசிக்ஸ் தர மரபுப்படி படிக்கிறது, அந்த மரபில் கூட்டல் என்றால் லண்டனுக்கு மேற்கே. ஆக நமக்கு எட்டு மணி நேரம் கூடுவதற்குப் பதில் குறைந்து, 2023-11-14 14:13:20 என்று வரும். சரியான விடையிலிருந்து 16 மணி நேரம் தள்ளி. மூன்றெழுத்துச் சுருக்கங்களும் இதே ரகம். சென்னைக் கிளைக்கு ஐஎஸ்டி என்று போட்டால் போஸ்ட்கிரெஸின் இயல்பமைப்பில் அது இஸ்ரேல் நேரம்! முழுப் பெயர்தான் பிழைக்க வழி.

மில்லி நொடிக்கு:

செலக்ட் டு_டைம்ஸ்டாம்ப்(நேரம்_மிநொ / 1000.0) ஃப்ரம் விற்பனை;

1000 அல்ல, 1000.0. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் வெட்டுப்பட்டு மில்லி நொடி காணாமல் போகும். ஒரே நொடியில் இரண்டு கல்லாவில் பில் போட்டிருந்தால் எது முந்தியது என்று பிறகு சொல்ல முடியாது.

தேதியிலிருந்து எபோக் நொடிக்குத் திரும்பும் வழி எக்ஸ்ட்ராக்ட். இங்கேதான் ஆட்கள் அதிகம் வழுக்குகிறார்கள்.

செலக்ட் எக்ஸ்ட்ராக்ட்(எபோக் ஃப்ரம் டைம்ஸ்டாம்ப் '2023-11-15 06:13:20');

1700000000 வரும் என்று எதிர்பார்ப்போம். வருவது 1700028800. வெறும் டைம்ஸ்டாம்புக்கு ஊர் தெரியாததால் யுடிசி என்றே எண்ணிக் கணக்குப் போட்டுவிட்டது. 28,800 நொடி அதிகம், சரியாக எட்டு மணி நேரம். அந்த நேரத்தின் பின்னால் ‘அட் டைம் ஸோன்’ சேர்த்து ஊரைச் சொன்னால்தான் பழைய எண் திரும்பக் கிடைக்கும்.

மைஎஸ்கியூஎல்

செலக்ட் ஃப்ரம்_யூனிக்ஸ்டைம்(1700000000);

இது தருவது ஊரற்ற நேரம், இணைப்பின் அப்போதைய மண்டலத்தில். மடிக்கணினியில் ஓட்டினால் 15-ஆம் தேதி காலை. அதே வரியை யுடிசியில் ஓடும் கிளவுட் சர்வரில் ஓட்டினால் 14-ஆம் தேதி இரவு. போஸ்ட்கிரெஸில் குறைந்தபட்சம் +08, +00 என்று வால் தெரியும். இங்கே வாலும் இல்லை, இரண்டு விடையும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆகவே இணைப்பைத் திறந்ததும் முதல் வேலை:

செட் டைம்_ஸோன் = '+08:00';

போசிக்ஸ் வம்பு இங்கே கிடையாது, கூட்டல் கூட்டலே. ஊர்ப் பெயரைப் போட விரும்பினால் மண்டல அட்டவணைகளை முதலில் ஏற்ற வேண்டும். லினக்ஸில் அதற்கு மைஎஸ்கியூஎல்_டிஇசட்இன்ஃபோ_டு_எஸ்கியூஎல் என்ற கருவி உடன் வருகிறது. ஏற்றாமல், மண்டலம் மாற்றும் கன்வர்ட்_டிஇசட்டில் ஊர்ப் பெயர் போட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது. நல் என்று வரும், அவ்வளவுதான். அறிக்கை முழுக்க நேரம் வெறுமையாக இருந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

டைம்ஸ்டாம்ப், டேட்டைம் என்று இதில் இரண்டு வகை. டைம்ஸ்டாம்ப் உள்ளே யுடிசியாகவும், காட்டும்போது இணைப்பின் மண்டலமாகவும் மாறும். டேட்டைம் எழுதியதை எழுதியபடியே வைத்திருக்கும். இரண்டில் டைம்ஸ்டாம்ப் வகைக்கு ஆயுள் கம்மி: 2038 ஜனவரி 19, யுடிசி 03:14:07 வரைதான். நம் ஊரில் அன்று செவ்வாய்க்கிழமை காலை 11:14:07. அதுதான் 32 பிட் எண்ணில் அடங்கும் கடைசி நொடி, 2147483647. 8.0.28-க்கு முந்திய பதிப்பில் ஃப்ரம்_யூனிக்ஸ்டைமும் இந்த எல்லையைத் தாண்டினால் நல் தந்தது. அதற்குப் பிறகு 64 பிட் இயந்திரங்களில் ஆண்டு 3001 வரை போகிறது. டைம்ஸ்டாம்ப் வகையின் எல்லை மட்டும் நகரவில்லை. 15 ஆண்டுக் கடன் தவணை, நீண்ட காலக் காப்புறுதி என்று எதிர்காலத் தேதி வைத்திருப்பவர்களுக்கு 2038 இப்போதே வந்தாயிற்று.

மற்ற மூன்றும் சுருக்கமாக

எஸ்கியூலைட்டில் தேதி வகையே கிடையாது, எண்ணாகவோ எழுத்தாகவோதான் இருக்கும். டேட்டைம்(1700000000, 'யூனிக்ஸ்எபோக்') என்று எழுதினால் யுடிசி நேரம் கிடைக்கும். பின்னால் '+8 ஹவர்ஸ்' என்று மூன்றாவதாகச் சேர்த்தால் நம் நேரம். 'லோக்கல்டைம்' என்றும் சேர்க்கலாம், ஆனால் அது ஓடும் இயந்திரத்தின் ஊரைப் பொறுத்தது. 'யூனிக்ஸ்எபோக்' என்ற சொல்லை விட்டுவிட்டால் எண்ணை ஜூலியன் நாள் (வானியலாளர்கள் பழங்காலத்திலிருந்து தொடர்ச்சியாக எண்ணும் நாள்) என்று எடுத்துக்கொண்டு, இவ்வளவு பெரிய நாள் இல்லையே என்று நல் தந்துவிடும்.

எஸ்கியூஎல் சர்வரில் நேரடிச் செயற்கூறு இல்லை. 1970-உடன் நொடியைக் கூட்டுவார்கள்:

செலக்ட் டேட்ஆட்(செகண்ட், 1700000000, '1970-01-01');

2025-க்கு முந்திய பதிப்புகளில் 2147483647-ஐத் தாண்டிய எண்ணைக் கொடுத்தால் வழிந்து பிழை காட்டும், ஏனென்றால் நடுவிலுள்ள எண்ணை அது 32 பிட்டாகப் பார்க்கிறது. அதனால் முதலில் 86,400-ஆல் வகுத்து நாளைக் கூட்டி, மீதியை நொடியாகக் கூட்டுவது நல்லது. மேலே கையால் போட்ட கணக்கேதான். ஊர் நேரத்துக்கு ‘அட் டைம் ஸோன்’ 2016 பதிப்பிலிருந்து உண்டு. முதலில் 'யுடிசி' என்று மாட்டி, அடுத்து ஊரைச் சொல்ல வேண்டும், இரண்டு படி. அங்கே ஊர்ப் பெயர்கள் விண்டோஸ் பட்டியலில் இருந்து வருகின்றன. கோலாலம்பூருக்கு அந்தப் பட்டியலில் 'சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட் டைம்' என்று பெயர். மனத்தாங்கல் இருந்தாலும் அதைத்தான் தட்ட வேண்டும்.

ஆரக்கிளிலும் டு_டைம்ஸ்டாம்ப் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அது எழுத்துத் தேதியைத்தான் ஏற்கும். எபோக் நொடிக்கு, 1970 ஜனவரி 1 யுடிசி டைம்ஸ்டாம்புடன் நம்டுடிஎஸ்இன்டர்வல்(1700000000, 'செகண்ட்') என்பதைக் கூட்டுவதுதான் வழி. போஸ்ட்கிரெஸில் எழுதிய வரியை அப்படியே இங்கே ஒட்டினால் ஓடாது.

காலை எட்டு மணிக்குப் பிறக்கும் நாள்

கடைக்காரருக்கு வேண்டியது ஒரு பில்லின் நேரம் இல்லை, நாள் வாரியான வசூல். எபோக் நொடியை 86,400-ஆல் முழு எண்ணாக வகுத்துக் குழு பிரித்தால் நாள் கிடைத்துவிடுமே என்று தோன்றும். கிடைக்கும், ஆனால் அது யுடிசி நாள். நம் கடிகாரப்படி காலை எட்டு மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை எட்டு மணிக்கு முடியும் நாள். ஆறு மணித் தோசையும் ஏழு மணி இட்லியும் முந்தின நாள் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். எல்லா நாளையும் கூட்டினால் மொத்த வசூல் சரியாக இருக்கும், ஒவ்வொரு நாளும் தவறாக இருக்கும். எந்த நாளின் தொகையும் கல்லாப் பெட்டியோடு ஒத்துப்போகாமல் கணக்குப்பிள்ளை திண்டாடுவது இப்படித்தான்.

வகுப்பதற்கு முன் 28,800-ஐக் கூட்டிவிட்டால் சரியாகிவிடும். மலேசியாவில் கோடை நேர மாற்றம் கிடையாது என்பதால் இந்தக் குறுக்கு வழி இங்கே செல்லும். லண்டன், சிட்னிக் கிளைகளுக்குச் செல்லாது. அங்கே ஊர்ப் பெயரோடு மாற்றிய பிறகுதான் நாளைப் பிரிக்க வேண்டும்.

ஒரே ஒரு நாளின் பில் மட்டும் வேண்டும் என்றால், நெடுவரிசையை மாற்றாதீர்கள். தேடும் எல்லையை மாற்றுங்கள். தேடும் நிபந்தனையை எழுதும் ‘வேர்’ பகுதியில் நெடுவரிசையின் மேல் டு_டைம்ஸ்டாம்ப் போர்த்தினால், தேடலை விரைவாக்கும் சாதாரண இன்டெக்ஸ் பயன்படாது. பத்து லட்சம் பில்லையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துத்தான் விடை வரும். அதற்குப் பதில்:

வேர் நேர_நொடி >= 1699977600 அண்ட் நேர_நொடி < 1700064000

முதல் எண், 2023 நவம்பர் 15 நம் நள்ளிரவு. இரண்டாவது, மறுநாள் நள்ளிரவு. வித்தியாசம் சரியாக 86,400. மேல் எல்லைக்கு ‘<’ தான், ‘<=’ இல்லை; இரண்டு எல்லையையும் சேர்த்துக்கொள்ளும் பிட்வீன் போட்டால் நள்ளிரவு சரியாக 12-க்கு விழுந்த பில் இரண்டு நாளிலும் எண்ணப்படும். 23:59:59 வரை என்று எழுதுவது அதைவிட மோசம், மில்லி நொடி உள்ள நெடுவரிசையில் கடைசி நொடியின் பில்கள் எந்த நாளிலும் சேராமல் நழுவும்.

அரை மணி நேரச் சங்கதி

செலக்ட் டு_டைம்ஸ்டாம்ப்(0) என்று போட்டு, கோலாலம்பூர் நேரத்தில் பாருங்கள். 1970 ஜனவரி 1, காலை 8 மணி என்று வர வேண்டும் அல்லவா? வருவது 7:30.

பிழை இல்லை. அன்று தீபகற்ப மலேசியாவின் நேரம் யுடிசிக்கு ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தது. சபாவும் சரவாக்கும் ஏற்கெனவே எட்டு மணி நேரம். நாடு முழுக்க ஒரே நேரம் என்று முடிவானபோது, 1981 டிசம்பர் 31 இரவு 11:30 ஆனதும் தீபகற்பத்துக் கடிகாரம் அரை மணி நேரம் தாவி 1982 ஜனவரி 1 நள்ளிரவாகியது. சிங்கப்பூரும் கூடவே தாவியது. கூச்சிங் பெயரில் தனி மண்டலம் இருப்பது இதனால்தான். ஊர்ப் பெயர் போட்டால் தரவுத்தளம் இந்த வரலாற்றையும் சேர்த்தே கணக்கிடும்; '+08:00' என்று எண் போட்டால் வரலாறு தெரியாமல் எல்லா ஆண்டுக்கும் எட்டு மணி நேரமே கூட்டும்.

பில்லுக்கு இது பொருட்டில்லை. பிறந்த நாளுக்குப் பொருட்டு. அடையாள அட்டை எண் 750115 என்று தொடங்கும் ஒருவர், 1975 ஜனவரி 15-இல் பிறந்தவர். ஒரு மென்பொருள் அன்றைய நள்ளிரவை நிலையான +08:00 வைத்து எபோக் நொடியாக்கி 158947200 என்று எழுதுகிறது. இன்னொரு மென்பொருள் அதை 'ஏசியா/கோலா_லம்பூர்' வைத்துப் படிக்கிறது. கிடைப்பது ஜனவரி 14, இரவு 11:30. தேதியை மட்டும் வெட்டி எடுத்தால் ஒரு நாள் குறைந்துவிட்டது, அடையாள அட்டையோடு ஒத்துப்போகவில்லை. 1982-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு எல்லாம் சரியாக வரும்; அதனால் சோதனையின்போது இளைஞர்களின் பதிவை மட்டும் பார்த்தால் இந்தக் கோளாறு அகப்படவே அகப்படாது. மருந்து எளிது: பிறந்த நாள் ஒரு கணம் இல்லை, ஒரு தேதி. டேட் வகையில் வையுங்கள், எபோக் நொடியில் வைக்கவே வைக்காதீர்கள்.

திரையில் 1970 ஜனவரி 1, காலை 7:30 அல்லது 8:00 என்று எங்காவது பார்த்தால் அது பழங்காலப் பதிவு இல்லை. யாரோ நேரத்தை நிரப்பாமல் விட்டு, 0 விழுந்திருக்கிறது. 0-ஐ நல் ஆக்கும் நல்இஃப்(நேர_நொடி, 0) போட்டு மாற்றினால் அந்தப் பொய்த் தேதி மறையும்.

மொத்தமாக எட்டு மணி நேரம் பிசகினால் மண்டலம் சொல்லவில்லை, அல்லது தரவுத்தளம் ஒரு முறை கூட்டிய பிறகு நீங்களும் ஒரு முறை கூட்டிவிட்டீர்கள். பதினாறு என்றால் கூட்டல் கழித்தல் தலைகீழ். இரண்டரை மணி நேரம் என்றால் எங்கேயோ ஓர் இயந்திரம் இன்னும் இந்திய நேரத்தில் ஓடுகிறது. அரை மணி நேரம் என்றால் 1982. ஒன்றிரண்டு நொடி பிசகு என்றால், பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக எப்போதாவது கூடுதலாகச் செருகும் லீப் நொடியைச் சந்தேகிக்க வேண்டாம். 2017 ஜனவரி 1 காலை எட்டு மணிக்கு முன்பு நம் நேரத்தில் ஒரு நொடி செருகினார்கள் என்றாலும், எபோக் கணக்கு லீப் நொடியை எண்ணுவதே இல்லை. இயந்திரத்தின் கடிகாரம்தான் பின்தங்கியிருக்கும்.

நெடுவரிசையை முழுசாக மாற்றுவது

ஒவ்வொரு முறையும் மாற்றிப் பார்ப்பதற்குப் பதில் நெடுவரிசையையே டைம்ஸ்டாம்ப்டிஇசட் ஆக்கிவிடலாம். போஸ்ட்கிரெஸில் ஒரே வரி:

ஆல்டர் டேபிள் விற்பனை ஆல்டர் நேர_நொடி டைப் டைம்ஸ்டாம்ப்டிஇசட் யூஸிங் டு_டைம்ஸ்டாம்ப்(நேர_நொடி);

நெடுவரிசைக்கு இயல்பு மதிப்பு ஏதாவது வைத்திருந்தால் முதலில் அதை நீக்குங்கள், இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். இந்தக் கட்டளை அட்டவணை முழுவதையும் புதிதாக எழுதும், எழுதி முடியும் வரை யாரையும் உள்ளே விடாது. சில ஆயிரம் பில் என்றால் கண் சிமிட்டும் நேரம். கோடிக்கணக்கில் இருந்தால் மதியச் சாப்பாட்டுக் கூட்டத்தில் கல்லா உறைந்து நிற்கும்.

பெரிய அட்டவணைக்கு, பக்கத்தில் புது நெடுவரிசை ஒன்று சேருங்கள். மென்பொருளை இரண்டிலும் எழுத வையுங்கள். பிறகு பழைய பதிவுகளைப் பில் எண் வரிசையில் பத்தாயிரம் பத்தாயிரமாக நிரப்பி, ஒவ்வொரு தொகுதிக்கும் கமிட் போட்டு உறுதிசெய்யுங்கள். முடிந்ததும் புது நெடுவரிசையின் மின், மேக்ஸ் (மிகச் சிறிய, மிகப் பெரிய மதிப்பு) இரண்டையும் எடுத்துப் பார்த்தால் 1970-உம் 55 ஆயிரமும் உடனே பல்லைக் காட்டும். அச்சடித்த ரசீது நாலைந்தைக் கையில் வைத்துக்கொண்டு திரையோடு ஒப்பிடுங்கள். அதில் காலை எட்டுக்கு முந்திய ரசீது ஒன்றாவது இருக்கட்டும், தேதி பிசகினால் அதில்தான் தெரியும். பழைய நெடுவரிசையை உடனே அழிக்க வேண்டாம், ஒரு மாதக் கணக்கு முடியும் வரை கிடக்கட்டும்.

மாற்ற முடியாது, எண்ணாகவே இருந்தாக வேண்டும் என்றால், வகையை 64 பிட் முழு எண்ணான பிக்இன்ட் ஆக்கிவிட்டு, எல்லை மீறிய எண்ணை மறுக்கும் ‘செக்’ கட்டுப்பாடு ஒன்று போடுங்கள்:

செக் (நேர_நொடி >= 946684800 அண்ட் நேர_நொடி < 4102444800)

2000-இன் முதல் நொடியிலிருந்து 2099-இன் கடைசி நொடி வரை. சுழியமும் நுழையாது, நாளை யாராவது வாங்கி மாட்டும் புது இயந்திரம் மில்லி நொடியை அள்ளிக் கொட்டினாலும் முதல் பில்லிலேயே தடுக்கி விழும்.